டர்போ சி-யிலிருந்து ஜிசிசி: கெட்ச்சுக்கும் கிளியர்ஸ்க்ரீனுக்கும் எது மாற்று?

டாஸ் காலத்து கம்பைலரான டர்போ சி-யில் எழுதிய புரோகிராமை லினக்ஸில் ஜிசிசி கம்பைலரிடம் கொடுத்தால், கோனியோ (திரை, கீபோர்டு வேலைகளுக்கான conio.h) ஹெடர் இல்லை என்று முதல் வரியிலேயே நின்றுவிடும். அந்த வரியை நீக்கினால், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்க்ரீனை (clrscr) காணோம், கர்சரை நகர்த்தும் கோட்டூஎக்ஸ்ஒய்யை (gotoxy) காணோம் என்று, கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் லிங்கர் புலம்பும். ஜிசிசி 14 என்றால் லிங்கர் வரைக்கும்கூடப் போகாது. அறிவிக்காத ஃபங்ஷன் என்று கம்பைலரே தடுத்துவிடும். இவை எதுவும் சி தரநிலையில் இருந்ததில்லை, போர்லாண்டு தன் பங்குக்குச் சேர்த்துக் கொடுத்தவை.

பழைய டாஸ் புரோகிராம்களை ஓட்டும் டாஸ்பாக்ஸுக்குள் டர்போ சி-யையே ஓட்டலாம். லேப் தேர்வுக்கு அது போதும். புரோகிராம் தொடர்ந்து பயன்பட வேண்டுமென்றால் மீதி இரண்டு வழி: டெர்மினல் திரையைக் கையாளும் என்கர்சஸ் (ncurses) நூலகம், அல்லது நாமே எழுதும் ஒரு குட்டி கோனியோ ஹெடர்.

என்கர்சஸ் பழுத்த நூலகம், குறை சொல்ல முடியாது. ஆனால் பிரிண்ட்எஃப் எல்லாம் அதன் பிரிண்ட்டபிள்யூ (printw) ஆக வேண்டும். கோட்டூஎக்ஸ்ஒய் நெடுவரிசையை முதலில் கேட்கும், 1-லிருந்து எண்ணும். என்கர்சஸின் மூவ் வரிசையை முதலில் கேட்கும், 0-லிருந்து எண்ணும். மெனு நிறைந்த பழைய மதிப்பெண் பட்டியல் புரோகிராமில் இதை வரிக்கு வரி மாற்ற எனக்குப் பொறுமை இல்லை.

அதனால் சொந்த ஹெடர்தான். அதை அதே ஃபோல்டரில் வைத்து, கம்பைல் செய்யும்போது மைனஸ் ஐ (-I) கொடுத்து அந்த ஃபோல்டரைக் காட்டினால் போதும். பழைய கோடில் ஒரு எழுத்தைக்கூடத் தொட வேண்டாம். அதே ஃபைல் டர்போ சி-யிலும் ஓடும், ஜிசிசி-யிலும் ஓடும். இரண்டு பிரதி வைத்துக்கொண்டு ஒன்றில் திருத்தியதை மற்றதில் மறக்கும் தொல்லை கிடையாது. என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இதுதான்.

கிளியர்ஸ்க்ரீனும் கோட்டூஎக்ஸ்ஒய்யும் ஆளுக்கொரு வரி எஸ்கேப் கோட், அதாவது டெர்மினலுக்குக் கட்டளையிடும் எழுத்துத் தொடர். கூடவே அதை உடனே அனுப்ப ஒரு எஃப்ஃப்ளஷ் (fflush). கவனம் வேண்டியது, என்டருக்குக் காத்திராமல் ஒரு விசையைப் படிக்கும் கெட்ச்சில் (getch). டெர்மினல் அமைப்புகளை மாற்றும் டெர்மியாஸில் (termios) எக்கோவையும் (தட்டியது திரையில் தெரிவது) வரி முறையையும் (என்டர் வரை காத்திருப்பது) அணைத்து, ஒரு எழுத்தைப் படித்து, பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும். படிப்பதற்கு கெட்கேர் (getchar) வேண்டாம். ஸ்கேன்எஃப் விட்டுவைத்த என்டர் பஃபரிலேயே கிடக்கும். கெட்கேர் அதை எடுத்துக்கொள்ள, 'ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்' என்பது நிற்காமல் பறந்துவிடும். டர்போ சி-யின் கெட்ச் நேராகக் கீபோர்டைப் பார்ப்பதால் அங்கே இந்தச் சிக்கல் வராது. ரீட் ஃபங்ஷனால் நேரடியாகப் படித்தால் இங்கும் வராது.

அம்புக்குறி விசைகளை நம்பும் விளையாட்டு என்றால் நானும் என்கர்சஸையே பார்ப்பேன். மேல் அம்புக்கு டர்போ சி 0-வும் 72-ம் தரும் இடத்தில் லினக்ஸ் டெர்மினல் மூன்று எழுத்து அனுப்பும். விசை அழுத்தப்பட்டதா என்று பார்க்கும் கேபிஹிட்டும் (kbhit) சேர்ந்தால் குட்டி ஹெடர் குட்டியாக இருக்காது. அந்த மாதிரி புரோகிராம்களை நான் அதிகம் மாற்றியதில்லை.

விண்டோஸில் ஜிசிசி-யின் வடிவமான மிங்டபிள்யூ (MinGW) வைத்திருப்பவர்களுக்கு வேலை பாதிதான். கெட்ச்சும் கேபிஹிட்டும் அதிலேயே உண்டு. கிளியர்ஸ்க்ரீனையும் கோட்டூஎக்ஸ்ஒய்யையும் மட்டும் எழுதிக்கொண்டால் சரி.