செந்தூர் பாசஞ்சரா, செங்கோட்டை பாசஞ்சரா?

நெல்லையிலேர்ந்து திருச்செந்தூர் போற ரயிலா, செங்கோட்டை போற ரயிலா, எது ஒசத்தின்னு காலேஜ் படிக்கையில எங்களுக்குள்ள தீராத சண்டை மக்கா இது. செந்தூர் வண்டின்னா ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரின்னு வயலும் வாழையுமா போகும், காயல்பட்டினம் தாண்டுனா கடக்காத்து வந்துரும், ஆனா கிருத்திகை சஷ்டின்னா கால் வைக்க இடமிருக்காது.

செங்கோட்டை வண்டி அப்படியில்ல, இடதுபக்க ஜன்னல் கெடச்சா போதும், பொதிகை மலை கூடவே வரும், கல்லிடைக்குறிச்சிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவுல தாமிரபரணி பாலத்துல தடதடன்னு ஏறும்போது எல்லாரும் பேச்ச நிறுத்திருவோம், ஒத்தத் தடம்ங்கதால கிராசிங்குக்கு நிப்பாட்டுவான், எறங்கி பிளாட்பாரத்துல நின்னு எதிர்வண்டிக்கு கைகாட்டுவோம், அதுவே பெரிய சந்தோசம். 2012ல அகலப்பாதை ஆச்சு, வேகம் கூடிட்டு.

என் ஓட்டு செங்கோட்டைக்குத்தான். பசிச்சா மட்டும் செந்தூர், எறங்குனதும் சுடச்சுட இட்லி கெடைக்கும்லா.