சீடியா, பிராங்கா? ஒரே கொக்கோவுக்கு இரண்டு நாணயங்கள்

உலகின் கொக்கோவில் பாதிக்கு மேல் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு மேற்கு ஆப்பிரிக்க நாடுகளில் விளைகிறது: கானா, ஐவரி கோஸ்ட். மண்ணும் மழையும் ஏறக்குறைய ஒன்றுதான். புழங்கும் பணம்தான் வேறு. கானா 1965 முதல் சீடி என்ற சொந்த நாணயத்தை வைத்திருக்கிறது (அகான் மொழியில் சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர்). ஐவரி கோஸ்ட்டோ செனகல், மாலி, டோகோ உள்ளிட்ட ஏழு நாடுகளுடன் சேர்ந்து பிரான்சின் உத்தரவாதத்தோடு யூரோவுடன் பிணைக்கப்பட்ட சிஎஃப்ஏ பிராங்க் என்ற பொது நாணயத்தைப் பயன்படுத்துகிறது. ஒரு யூரோவுக்கு 655.957 பிராங்க் என்ற விகிதம் 1999 முதல் மாறவில்லை.

இந்த வேறுபாடு 2022இல் வெட்டவெளிச்சமானது. அந்த டிசம்பரில் கானாவின் பணவீக்கம் 54 விழுக்காட்டைத் தொட்டது. வெளிநாட்டுக் கடன்களில் பெரும்பகுதியைத் திருப்பிச் செலுத்துவதை அரசு நிறுத்தியது. ஐவரி கோஸ்ட்டில் பணவீக்கம் ஒற்றை இலக்கத்தைத் தாண்டவில்லை.

உழவரின் முற்றத்தில் இதன் பொருள் என்ன? கொக்கோ விதைகளை வாழையிலை போர்த்தி ஐந்தாறு நாள் புளிக்கவைத்து, மூங்கில் பாயில் வெயிலில் உலர்த்தி, 64 கிலோ மூட்டையாகக் கட்டும் கானா உழவருக்கு, அரசின் கொக்கோ வாரியம் முன்கூட்டியே சீடியில் விலை நிர்ணயித்துவிடுகிறது. பணம் கைக்கு வருவதற்குள் சீடி சரிந்துவிட்டால், அவர் உழைப்பில் ஒரு பங்கு கண்ணெதிரே கரைந்துபோகிறது. அதே மூட்டைக்கு எல்லைக்கு அப்பால் பிராங்கில் கூடுதல் விலை கிடைத்ததால்தான், காட்டுப் பாதைகள் வழியே கானாவின் கொக்கோ ஐவரி கோஸ்ட்டுக்கும் டோகோவுக்கும் கடத்தப்பட்டது.

இதை மட்டும் பார்த்தால் பிராங்கே மேல் என்று தோன்றும். ஆனால் அந்த நிலைத்தன்மை இரவல் வாங்கியது. 1994 ஜனவரியில் பிரெஞ்சு பிராங்குக்கு எதிரான சிஎஃப்ஏ பிராங்கின் மதிப்பு ஒரே நாளில் பாதியாக்கப்பட்டபோது, இறக்குமதி மருந்துக்கும் உணவுக்கும் மக்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. அந்நியச் செலாவணிக் கையிருப்பில் பாதியைப் பிரெஞ்சுக் கருவூலத்தில் வைக்கவேண்டும் என்ற விதியைக் கைவிட 2019 டிசம்பரில்தான் உடன்பாடு வந்தது. இன்றும் யூரோ வலுத்தால், டாலரிலும் பவுண்டிலும் விலைபோகும் கொக்கோவுக்கு உள்ளூரில் கிடைக்கும் பிராங்க் குறைகிறது. அதைத் தடுக்க ஐவரி கோஸ்ட் அரசுக்கோ டக்காரில் உள்ள பொது மைய வங்கிக்கோ வழியில்லை.

சீடியின் துன்பத்துக்குச் சொந்த நாணயம் வைத்திருப்பது காரணமன்று என்பது என் உறுதியான கருத்து. பற்றாக்குறையை நிரப்ப அரசு மைய வங்கியிடம் அளவின்றிக் கடன் வாங்கியதே காரணம். அக்கடன்கள் மறுசீரமைக்கப்பட்டதால் 2022இல் மட்டும் அவ்வங்கி 6,000 கோடி சீடிக்கு மேல் இழப்புக் காட்டியது. 2023 மே மாதம் 300 கோடி டாலர் உதவிக்கு ஒப்புதல் அளித்த பன்னாட்டு நாணய நிதியமும், மைய வங்கி அரசுக்குக் கடன் கொடுப்பதை நிறுத்தவேண்டும் என்றே வலியுறுத்தியது. அந்தத் தடை தேர்தல் ஆண்டுகளிலும் உடையாமல் நின்றால், நான் சீடியையே தேர்வேன். அது உறுதியாகும்வரை, சேமிப்பைப் பிராங்கில் மாற்றிவைக்கும் எல்லையோர வியாபாரியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.