கிண்டி முதல் சென்ட்ரல் வரை: மவுண்ட் ரோட்டில் எதில் ஏறுவது?

சென்னையில் மவுண்ட் ரோடு என்கிற அண்ணா சாலையில் மெட்ரோ வந்துவிட்டதால் இனி பஸ் எதற்கு என்று கேட்பவர்கள், தாங்கள் இறங்க வேண்டிய இடம் எந்த ஸ்டேஷன் வாசலிலிருந்து எவ்வளவு தூரம் என்று பார்ப்பதில்லை. இந்தச் சாலையில் வேகத்தைவிட இறங்கிய பிறகு நடக்கும் தூரம்தான் முக்கியம்.

முதலில் மின்சார ரயிலை முடித்துவிடலாம். கிண்டியில் ஏறினால் சைதாப்பேட்டை, மாம்பலம், கோடம்பாக்கம், நுங்கம்பாக்கம், சேத்துப்பட்டு, எழும்பூர், பார்க் என்று போகும். அதாவது சைதாப்பேட்டையைத் தாண்டியதும் அண்ணா சாலையை விட்டு மேற்கே ஒதுங்கிவிடும். தேனாம்பேட்டைக்கோ ஆயிரம் விளக்குக்கோ இது உதவாது. ஆனால் நேரே சென்ட்ரலுக்குப் போய் வெளியூர் ரயில் பிடிப்பவருக்கு, 5 ரூபாய் டிக்கெட்டில் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சுரங்கப்பாதை வழியாகச் சாலையைக் கடப்பதைவிட மலிவான வழி இல்லை. பெரிய பெட்டி இருந்தால் மட்டும் காலை நேரக் கூட்டத்தில் வேண்டாம்.

மெட்ரோவின் நீல வழித்தடம் சைதாப்பேட்டையிலிருந்து அரசினர் தோட்டம் வரை சாலைக்கு அடியிலேயே போகிறது. 2019 பிப்ரவரியில் டி.எம்.எஸ்.–வண்ணாரப்பேட்டை பகுதி திறந்தபோதுதான் இந்தப் பாதை முழுமையானது. கிண்டியிலிருந்து சென்ட்ரலுக்கு ஏறக்குறைய 20 நிமிடம். 5 முதல் 12 கிலோமீட்டர் வரை 30 ரூபாய். கார்டு அல்லது க்யூஆர் டிக்கெட் என்றால் 20 சதவீதம் தள்ளுபடி. கீழே இறங்க, பையை ஸ்கேன் செய்ய, மறுபடி மேலே ஏற என்று இரண்டு முனையிலும் சேர்த்துப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். அதனால் ஒன்றிரண்டு ஸ்டேஷன் தூரத்துக்கு மெட்ரோ பெரிதாக மிச்சப்படுத்தாது.

மெட்ரோவில், நீல, பச்சை வழித்தடங்கள் சந்திக்கும் ஆலந்தூரில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். ‘சென்ட்ரல்’ என்ற பெயர் இரண்டு வழித்தடத்திலும் வரும். பச்சை வழித்தடத்தில் ஏறிவிட்டால் கோயம்பேடு, எழும்பூர் என்று சுற்றித்தான் சென்ட்ரல் போவீர்கள். அண்ணா சாலை ஸ்டேஷன் ஒன்றுகூட வராது. இன்னொரு குழப்பம் சைதாப்பேட்டை: அங்கே மெட்ரோவும் மின்சார ரயிலும் ஒட்டியில்லை, நடக்க வேண்டும். மாறுவதென்றால் கிண்டியில் மாறுங்கள், நடைமேம்பாலம் இருக்கிறது.

எந்த வாசலில் வெளியே வருகிறோம் என்பதும் முக்கியம். எல்.ஐ.சி. ஸ்டேஷனில் தவறான வாசலில் வெளியே வந்தால், எதிரே தெரியும் கட்டடத்துக்குப் போக வண்டிகளுக்கு நடுவே சாலையைக் கடக்க வேண்டியிருக்கும். அப்படிக் கடக்காதீர்கள், மறுபடி கீழே இறங்கி, டிக்கெட் தளத்திலேயே எதிர்ப்பக்க வாசலுக்குப் போங்கள். மேலே ஏறும் முன் சுவரில் உள்ள வாசல் வரைபடத்தைப் பார்த்துவிட்டால் இந்த அலைச்சலே இல்லை.

பஸ் ஜெயிக்கும் இடம் ஜெமினி. மேம்பாலத்தடியில் மெட்ரோ ஸ்டேஷன் கிடையாது, டி.எம்.எஸ்., ஆயிரம் விளக்கு இரண்டுக்கும் நடுவில் அது மாட்டிக்கொண்டிருக்கிறது. அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்கு, செம்மொழிப் பூங்காவுக்கு, வெயிலில் வயதானவரை அழைத்துப் போகிறவர் 18ஏ மாதிரி மவுண்ட் ரோடு வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறட்டும். சாதாரணக் கட்டண பஸ்ஸில் குறைந்தபட்சம் 5 ரூபாய், பெண்களுக்கு இலவசம். முன்னும் பின்னும் இளஞ்சிவப்பு அடித்த வண்டி என்றால் தைரியமாக ஏறலாம். டீலக்ஸ் வண்டி அதே எண்ணில் வரும், ஆனால் அதில் இலவசம் இல்லை; குறைந்தபட்சமே 11 ரூபாய். எண்ணை மட்டும் பார்த்து ஏறிவிட்டு கண்டக்டரிடம் வாக்குவாதம் செய்வது இதனால்தான்.

பஸ்ஸின் பலவீனம் நேரம். தேனாம்பேட்டை–சைதாப்பேட்டை இடையே 3.2 கிலோமீட்டர் உயர்மட்டச் சாலைப் பணி 2024-ல் தொடங்கியது. இந்த வேலை முடியும்வரை நந்தனம் சிக்னலில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல முடியாது. காலை 8 முதல் 11 வரை, மாலை 5 முதல் 8 வரை நேரத்துக்கு எங்காவது போய்ச் சேர வேண்டுமென்றால் மெட்ரோதான். அவசரமில்லாத மதியத்தில், நிறுத்தம் உங்கள் வாசலிலேயே இருந்தால், பஸ்.

சேப்பாக்கம் மைதானத்துக்கு மெட்ரோவில் போகிறவர்கள் அரசினர் தோட்டத்தில் இறங்கி வாலாஜா சாலையில் நடக்கலாம். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் அதே வாசலுக்குத்தான் திரும்புவார்கள் என்பதால் திரும்பும் டிக்கெட்டை முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேளச்சேரிப் பக்கம் போகிறவருக்கு அந்த வரிசையே வேண்டாம். சேப்பாக்கம் பறக்கும் ரயில் ஸ்டேஷன் மைதானத்தை ஒட்டியே இருக்கிறது.