ஓடையை விழுங்கும் நிலம்: வாட்டர் எண்ட் குழிகள், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் வெல்ஹாம் கிரீன் ஊரை ஒட்டியுள்ள வாட்டர் எண்ட் குழிகள், பூங்கா என்று எண்ணிச் செல்பவருக்கு ஏமாற்றத்தையும், ஓடும் நீர் நிலத்தடிக்குள் இறங்குவதைக் கண்ணால் காண விரும்புபவருக்கு மிகுந்த நிறைவையும் தரும் இடம். ஏறத்தாழ 11 ஹெக்டேர் பரப்பே கொண்ட இது, நில அமைப்புக்காகவும் உயிரினங்களுக்காகவும் சிறப்பு அறிவியல் முக்கியத்துவம் வாய்ந்த இடமாகச் சட்டப் பாதுகாப்பைப் பெற்றிருக்கிறது.

களிமண் நிலத்தின் மீது ஓடிவரும் மிம்ஸ்ஹால் ஓடை, களிமண் முடிந்து அடியிலுள்ள வெண்சுண்ணப் பாறை மேலே வரும் இந்த இடத்தை அடைந்ததும், ஒன்றையொன்று ஒட்டிய குழிகளுக்குள் இறங்கி மறைந்துவிடுகிறது. நீரின் மெல்லிய அமிலத்தன்மை பாறையின் வெடிப்புகளைக் காலங்காலமாகக் கரைத்து அகலப்படுத்தியதால் உண்டானவை இக்குழிகள். நீர் மிதமாக வரும்போது, ஒரு குழியின் ஓரத்தில் சருகும் சுள்ளியும் நுரையோடு ஒதுங்கி நிற்க, அடியில் நீர் மட்டும் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டே இருப்பதைப் பார்க்கலாம். என்னைப் பொறுத்தவரை, இந்த ஒரு காட்சிக்காகவே இங்கே செல்லலாம்.

அந்த நீர் போய்ச் சேரும் இடம் இன்னும் வியப்பானது. சாயம் கலந்து செய்த சோதனைகளில், அது பல கிலோமீட்டர் தள்ளி லீ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஊற்றுகளில் வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்றான சாட்வெல் ஊற்று, லண்டனுக்குக் குடிநீர் கொண்டுசெல்ல வெட்டப்பட்டு 1613-இல் திறக்கப்பட்ட நியூ ரிவர் கால்வாய்க்கு நீர் தந்தது. பெருமழையில் குழிகள் கொள்ளாமல் நீர் தேங்கிக் குளமாகி, பின் வழிந்து கோல்ன் ஆற்றை நோக்கி ஓடுகிறது. இப்படி நனைந்தும் காய்ந்தும் கிடப்பதால்தான் ஈரநிலத் தாவரங்களும் புதர்க்காடும் இங்கே அடுத்தடுத்து வளர்கின்றன.

குறை என்று சொன்னால், ஓடை அடித்துவரும் பிளாஸ்டிக் குப்பை குழிகளின் வாயில் சிக்கிக் கிடப்பதைச் சொல்ல வேண்டும். அகன்ற வெடிப்புகள் வழியே விரைந்து செல்லும் நீரைப் பாறை அவ்வளவாக வடிகட்டுவதில்லை என்பதால், இது வெறும் அழகுக் குறைபாடு அன்று. இதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது.

நீண்ட வறட்சியில் சென்றால் வெறும் சேற்றுப் பள்ளங்களையே காண நேரலாம். மழை ஓய்ந்து சில நாட்கள் கழித்துச் செல்வதே நல்லது. முழங்கால் வரையிலான ரப்பர் பூட்ஸ் தேவை. குழிகளின் விளிம்பு இடிந்து சரியக்கூடியது என்பதால் பொதுப்பாதையை விட்டு விலகாமலும், குழந்தைகளின் கையை விடாமலும் பார்க்க வேண்டும்.