வேலை தேடலுக்குக் கூகுள் ஷீட்ஸ்: ஒரு மதிப்பீடு

மட்டக்களப்பில் வேலை தேடும் பட்டதாரி, வெள்ளிக்கிழமைகளில் வெளியாகும் அரச வர்த்தமானி, ஞாயிறு பத்திரிகை, தனியார் நிறுவனங்களின் முகநூல் அறிவித்தல்கள் ஆகிய மூன்றையும் ஒருசேரக் கவனிக்க வேண்டியிருப்பதால், விண்ணப்பங்களை நினைவில் வைத்தே சமாளிப்பது கடினம். இதற்கெனக் கட்டணச் செயலிகள் இருந்தாலும், கூகுள் ஷீட்ஸ் என்ற இலவச அட்டவணைச் செயலி எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

பதவி, முடிவுத் திகதி, அனுப்பிய விதம், பதிவுத் தபால் இலக்கம், அடுத்துச் செய்ய வேண்டியது என ஐந்து நிரல்களை அமைத்து, முடிவுத் திகதிப்படி வரிசைப்படுத்தினால், எதை முதலில் முடிக்க வேண்டும் என்பது உடனே தெரியும். அரச பதவிகளுக்கான விண்ணப்ப உறையின் இடது மேல் மூலையில் பதவிப் பெயரை எழுதும்படி கேட்பது வழக்கம் என்பதால், அறிவித்தலில் உள்ள பெயரையே சுருக்காமல் முதல் நிரலில் பதிவது நன்று (சுருக்கி எழுதும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு). இணையமின்றிப் பயன்படுத்தும் வசதியை முன்கூட்டியே இயக்கி வைத்தால், கல்முனைக்குப் போகும் பேருந்தில் சிக்னல் இல்லாதபோதும் கைபேசியிலேயே திருத்தலாம்.

இறுதி நாள் நெருங்குவதை நினைவூட்டக் கூகுள் காலண்டரில் தனியே குறித்துவைக்க வேண்டியிருப்பது ஒரு குறை. கைபேசித் திரையில் நிரல்கள் கூடக்கூட வாசிப்பதும் சிரமமே. அட்டவணைகளில் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு சீ.ஆர். கொப்பியையே (கெட்டி அட்டைக் குறிப்பேடு) நான் பரிந்துரைப்பேன்.