பிக்கப்ப ஹைட் ஏத்த மூணு வழி: ஸ்பேஸர், பாடி லிஃப்ட், சஸ்பென்ஷன் கிட்

பிக்கப் வாங்குனதும் நெறைய பேருக்கு முதல்ல வர்ற ஆசை ஹைட் ஏத்துறதுதான். ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேந்த ஸ்ட்ரட்டுக்கு மேல ஸ்பேஸர்னு ஒரு தடுப்பு வளையம் வைக்கலாம், பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல பிளாக் குடுத்து பாடி லிஃப்ட் பண்ணலாம், இல்லன்னா ஸ்பிரிங், ஷாக், வீல சேஸிஸோட இணைக்கற கன்ட்ரோல் ஆர்ம்னு செட்டா மாத்துற சஸ்பென்ஷன் கிட் போடலாம். விலையை வச்சு ஒப்பிட்டு சொல்ல ஆள் நெறைய இருக்காங்க, நான் பாக்கப்போறது நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எது தாங்கும், யாரு பதில் சொல்லணும்ங்கறதைத்தான்.

ஸ்பேஸர் சீப்பு, வேலையும் சீக்கிரம் முடிஞ்சிடும், அதனாலதான் அதிகமா ஏமாத்துறதும் அதுதான். முன்னாடி ரெண்டு வீலும் தனித்தனியா ஏறி இறங்கற இன்டிபென்டன்ட் சஸ்பென்ஷன் இருக்கற வண்டில ஸ்ட்ரட்டோட அடிப்பக்கம் லோயர் ஆர்ம் நடுவுல எங்கயோ உக்காந்திருக்கும், வீல் அந்த ஆர்மோட முனையில இருக்கும், அதனால ஸ்ட்ரட் மேல ஒரு இன்ச் ஸ்பேஸர் வச்சா வண்டி கிட்டத்தட்ட ரெண்டு இன்ச் ஏறிடும். சந்தோஷம்தான், ஆனா பள்ளத்துல வீல் தொங்கும்போது கம்பெனி கணக்கு போட்டதவிட கீழ இறங்கும், ஆர்மையும் வீலையும் இணைக்கற பால் ஜாயின்ட் அதோட கடைசி எல்லையில போய் இழுபடும், வீலுக்கு பவர் கொண்டுபோற சிவி ஆக்ஸில் கோணமும் ஏறும், சில வண்டில மேல் ஆர்ம் காயில் ஸ்பிரிங்லயே போய் இடிக்கும். பால் ஜாயின்ட் கழண்டா வீல் மடங்கிடும், ஹைவேல அது நடந்தா என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க. முன்பக்கத்த பின்பக்கத்தோட சமமாக்க கொஞ்சூண்டு வைக்கறது வரைக்கும் சரி, ஏற்கனவே ஏத்துன ஸ்ட்ரட் மேல இன்னொரு ஸ்பேஸர் அடுக்குறது வேண்டவே வேண்டாம்.

பாடி லிஃப்ட்ல ஒரு நியாயம் இருக்கு. சஸ்பென்ஷன தொடவே இல்ல, அலைன்மென்ட், ஆக்ஸில் கோணம் எல்லாம் அப்படியே இருக்கும், இன்ஜினும் சேஸிஸும் இருந்த உயரத்துலயே இருக்கும். ஆனா பாடியையும் சேஸிஸையும் இணைக்கற ஒவ்வொண்ணும் இப்ப எட்டாம போகும்: ஸ்டீயரிங் ஷாஃப்ட், பிரேக் லைன், பெட்ரோல் ஊத்தற குழாய், எர்த் வயர். இதுல ஸ்டீயரிங் ஷாஃப்ட்டுக்கு வைக்கற எக்ஸ்டென்ஷன்தான் எனக்கு உறுத்துது, ஒரு போல்ட்ட சரியா டைட் பண்ணாம விட்டா மொத்த கன்ட்ரோலும் போச்சு. வண்டி எதுலயாவது மோதுனா, பாடி மவுன்ட் போல்ட் நீளம் கூடுனதால வளையற விசையும் கூடும். மூணுல எனக்கு கடைசி சாய்ஸ் இதுதான்.

சஸ்பென்ஷன் கிட் ஒரே கம்பெனியோட முழு செட்டா இருந்தா, அதுவும் அளவான உயரத்துல, நான் அதைத்தான் சொல்வேன். ஆர்ம், ஷாக், ஸ்பிரிங் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்தறமாதிரி செஞ்சிருப்பாங்க, பேப்பரும் இருக்கும். அப்பவும் வண்டியோட எடை மையம் மேல ஏறுது, கவிழற வாய்ப்பு கூடுது, ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் பழைய உயரத்துக்கு ட்யூன் பண்ணதுதான். போட்டதும் அலைன்மென்ட், ஹெட்லைட் எய்ம், கேமரா ரேடார் இருந்தா அதோட கேலிபரேஷன், இது மூணையும் விடவே கூடாது. எதிர்ல வர்றவன் கண்ணுல லைட் அடிக்கறதும் நம்ம பொறுப்புதான்.

பெரிய டயரும் கூடவே வரும். 265/70 ஆர் 17 சைஸ் டயர்ல ஓடுன வண்டில 285/75 ஆர் 17 போட்டா விட்டம் சுமாரா 803 மி.மீ.ல இருந்து 859க்கு போகுது, 7 சதவீதம் பெருசு, மீட்டர்ல 100 காட்டுனா நிஜத்துல 107 போறீங்க. ஸ்பீட் கேமரா நிஜத்தைத்தான் பாக்கும். பிரேக்குக்கும் வேலை கூடும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறுது. இந்தியால மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவு பதிவுச் சான்றுல இருக்கற விவரம் கம்பெனி ஸ்பெக்ல இருந்து மாறற மாதிரி வண்டிய மாத்தக்கூடாதுன்னு ஓனரத்தான் பிடிக்குது. அமெரிக்கால ஃபெடரல் சட்டம் ஒர்க்‌ஷாப்பையும் டீலரையும் பிடிக்குது, பாதுகாப்பு உபகரணத்த தெரிஞ்சே செயலிழக்க வைக்கக்கூடாதுன்னு, ஓனர் கதைய மாநில சட்டம் பாத்துக்கும். அங்கயே நார்த் கரோலினா மாதிரி மாநிலத்துல முன்னாடி தூக்கி பின்னாடி இறக்குற ஸ்டைலுக்கு 2021ல தடை வந்துடுச்சு, அப்படி நிமிந்த வண்டில பானெட்டுக்கு முன்னாடி நிக்கற குழந்தை டிரைவருக்கு தெரியாதுன்னு யோசிச்சா அது நல்ல சட்டம். வாரண்டி விஷயத்துல அங்க 1975ல வந்த சட்டப்படி வெளிப் பார்ட் போட்ட ஒரே காரணத்துக்காக எல்லாத்தையும் மறுக்க முடியாது, பழுதுக்கு அந்த பார்ட்தான் காரணம்னு கம்பெனி காட்டணும். எந்த நாடா இருந்தாலும் 'ஆஃப்-ரோட் யூஸ் ஒன்லி'ன்னு ஒட்டுன பார்ட்ட ரோட்ல ஓட்டுனா அந்த ஸ்டிக்கர் விக்கறவனைத்தான் காப்பாத்தும், உங்கள இல்ல. இன்ஷூரன்ஸ்ல எழுத்துல சொல்லிடுங்க, பார்ட் நம்பர், போல்ட்ட எவ்வளவு டைட் பண்ணாங்கங்கற டார்க் அளவு போட்ட பில் கேட்டு வாங்குங்க, ஒர்க்‌ஷாப் தரமாட்டேன்னா அங்க பண்ணாதீங்க.

கடைசியா லோட். பின் சஸ்பென்ஷன்ல காத்தடிக்கற ஏர்பேக் ஸ்பிரிங் வச்சுட்டேன், இப்ப எக்ஸ்ட்ரா ஏத்தலாம்னு நினைக்கறது தப்பு, பின்பக்கம் தொங்காம நிக்கும் அவ்வளவுதான், ஆக்ஸில், பிரேக், சேஸிஸ் எல்லாம் பழசுதான், டிரைவர் கதவு ஓரத்துல ஒட்டியிருக்கற மொத்த எடை வரம்பு மாறாது. ஸ்டீல் பம்பர், வின்ச், பெரிய டயர் எல்லாம் அந்த வரம்புக்குள்ள இருந்துதான் எடுத்துக்கும். எல்லாம் மாட்டுனப்புறம் ஃபுல் டேங்க்கோட, வழக்கமா ஏறற ஆளுங்களோட எடை மேடைல ஏத்தி, முன் ஆக்ஸில் தனியா பின் ஆக்ஸில் தனியா எடை எடுத்து பாருங்க. பல பேருக்கு முன் ஆக்ஸில் கணக்குதான் முதல்ல தாண்டும்.