தி நெட்வொர்க்ஸ்: ஜோக் பழசான பிறகும் ஆடுகிறோம்

சேனல் நடத்துகிற போர்டு கேம் என்றதும் எல்லோரும் சொல்வது, "செம காமெடி". கில் ஹோவா வடிவமைத்து 2016-இல் ஃபார்மல் ஃபெரட் கேம்ஸ் வெளியிட்ட தி நெட்வொர்க்ஸ் காமெடிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் வாங்கினால் சீக்கிரம் பரணுக்குப் போய்விடும். அட்டைகளில் இருக்கும் பெயர்களும் படங்களும் பெரும்பாலும் அமெரிக்க டிவியைக் கேலி செய்பவை. எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு எதைக் கிண்டலடிக்கிறார்கள் என்றே புரியவில்லை. புரிந்தவர்களுக்கும் அதே அட்டை திரும்பத் திரும்ப வரும்போது சிரிப்பு வருவதில்லை. அப்படியும் சில வருஷங்களாக இந்தப் பெட்டி எங்கள் மேஜைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆரம்பத்தில் உங்கள் கையில் இருப்பது ஒரு டப்பா சேனல். இரவு 8, 9, 10 மணிக்கு ஓடுவதெல்லாம் ஈ ஓட்டும் நிகழ்ச்சிகள். ஆட்டத்தின் ஒரு சுற்றுதான் ஒரு சீசன். ஐந்து சீசன் முடிவில் யாருக்குப் பார்வையாளர்கள் அதிகமோ அவருக்கு வெற்றி. புது நிகழ்ச்சி எடுக்கலாம், நட்சத்திரத்தை ஒப்பந்தம் செய்யலாம், விளம்பரம் பிடிக்கலாம். முறைக்கு ஒரு வேலைதான். அதற்குள் நாம் குறி வைத்த அட்டையைப் பக்கத்தில் இருப்பவர் தூக்கிவிடுவார்.

எனக்குப் பிடித்த இடம், நிகழ்ச்சிகளுக்கு வயதாவது. ஒவ்வொரு நிகழ்ச்சி அட்டையிலும் எத்தனையாவது சீசனில் எவ்வளவு பேர் பார்ப்பார்கள் என்று வரிசையாக எண்கள் இருக்கும். சீசன் முடிந்ததும் ஒரு சின்ன மரக் கட்டையை ஒரு படி கீழே இறக்க வேண்டும். சில நிகழ்ச்சிகள் இரண்டாம் சீசனில்தான் சூடுபிடிக்கும், அப்புறம் சரியும். நம்மூர் மெகா சீரியல் போல ஒன்றையே வருஷக்கணக்கில் இழுக்க இங்கே வழியில்லை. நிறுத்திய நிகழ்ச்சி உடனே குப்பைக்கும் போய்விடாது. மறுஒளிபரப்பாக அந்த சீசன் முடிவில் இன்னும் கொஞ்சம் பார்வையாளர்களைத் தந்துவிட்டுத்தான் போகும். எனவே நன்றாக ஓடிக்கொண்டிருப்பதை எப்போது தூக்குவது என்பதுதான் ஆட்டத்தின் பெரிய தலைவலி. ஒரே வகை நிகழ்ச்சிகள் மூன்று சேர்த்தால் போனஸாக நட்சத்திரங்களோ விளம்பரங்களோ வரும். அந்த ஆசையில் நல்ல நாடகத்தைத் தூக்கிவிட்டுச் சுமாரான ரியாலிட்டி ஷோவைப் போடுபவர்கள் உண்டு. நிஜ சேனல்காரர்களும் இப்படித்தான் யோசிப்பார்களோ என்னவோ!

பிடித்த இன்னொன்று, இந்த சீசனுக்கு இது போதும் என்று விலகிக்கொள்வது. முதலில் விலகுபவருக்குப் பணமாகவோ பார்வையாளராகவோ அதிகம் கிடைக்கும். இன்னும் இரண்டு அட்டை எடுக்கலாமே என்று உட்கார்ந்திருந்தால் அந்தத் தொகை குறைந்துகொண்டே போகும். என் மச்சான் எல்லோருக்கும் முன்னால் தன் வட்டக் காயை வைத்து விலகிவிட்டு, "நீங்க பொறுமையா ஆடுங்க மாமா, நான் காபி போடறேன்" என்று எழுந்துவிடுவான். அந்த எரிச்சல் இன்னும் பழசாகவில்லை.

குறைகளும் உண்டு. சீசன் முடிவில் வரவு செலவுக் கணக்கு கொஞ்சம் இழுவை. ஐந்து பேர் உட்கார்ந்தால், பெட்டியில் போட்டிருக்கும் 90 நிமிடத்தைத் தாராளமாகத் தாண்டுகிறது. மூன்று பேருக்குத்தான் சரியான வேகம். எடுத்து வைப்பதும் சள்ளை, ஏனென்றால் நிகழ்ச்சி அட்டைகளை சீசன் வாரியாகப் பிரிக்க வேண்டும். நாங்கள் சீசனுக்கு ஒரு ஜிப் கவர் போட்டு வைத்த பிறகு அந்தச் சண்டை ஓய்ந்தது. அடுத்தவர் சேனலில் கைவைக்கும் சிறப்பு அட்டைகளைச் சின்னப் பிள்ளைகள் ஆடும்போது எடுத்துவிடுகிறோம், அழுகை மிச்சம். எங்களிடம் இருப்பது ஆங்கிலப் பதிப்பு, ஆனாலும் எண்களும் குறிகளும் பழகிவிட்டால் அவ்வளவாகப் படிக்கத் தேவையில்லை. எங்கள் அத்தை பெயர்களைக் கண்டுகொள்வதே இல்லை, எண்ணை மட்டும் பார்த்து எல்லோரையும் ஜெயிக்கிறார்.

இந்த ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் பிற்சேர்க்கைத் தொகுப்பு வாங்குவதானால் எக்ஸிகியூட்டிவ்ஸ் வாங்குங்கள். ஆளுக்கொரு தனித் திறமையோடு நிர்வாகிகள் வருவதால் எல்லோரும் ஒரே மாதிரி ஆட முடியாது. டெலி டைம் பிரிட்டிஷ் டிவியைக் கிண்டலடிக்கும் சின்னத் தொகுப்பு. அந்த ஊர் நிகழ்ச்சிகள் பார்த்துப் பழக்கமில்லை என்றால் அந்தக் காசுக்கு அட்டைகளுக்கு உறை வாங்கிப் போடலாம்.